விவாத இழை: ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் திரும்பிய ஆஸ்திரேலிய ரக்பி அணி, 1939

மைதான ஓரம் எழுதியது:

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் நடந்த ரக்பி சுற்றுப்பயணங்கள் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் 1924-25 நியூசிலாந்து அணியிடம் போய் நின்றுவிடுகிறார்கள். 32 ஆட்டம், 32 வெற்றி. சரி, பெரிய விஷயம்தான். நான் பேச வந்தது அதற்கு நேர் எதிர்க்கோடியில் இருக்கும் ஒரு பயணத்தைப் பற்றி.

1939 ஜூலையில் ஆஸ்திரேலிய அணி, அதாவது வாலபீஸ், மூல்தான் என்ற கப்பலில் பிரிட்டனுக்குக் கிளம்பியது. கேப்டன் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த வே வில்சன். மேனேஜர் டாக்டர் வால்டர் மேத்யூஸ். 1908-க்குப் பிறகு முழு ஆஸ்திரேலிய அணி என்ற பெயரில் பிரிட்டனுக்குப் போகும் முதல் அணி இதுதான். முப்பத்தோரு வருடக் காத்திருப்பு. கடலில் இருக்கும்போதே ஆகஸ்ட் 23-ம் தேதி ஜெர்மனியும் சோவியத்தும் ஒப்பந்தம் போட்டன. செப்டம்பர் 1 ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. செப்டம்பர் 2 அணி பிளிமத்தில் இறங்கியது. மறுநாள் ஞாயிறு காலை பதினொன்றே கால் மணிக்கு பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லைன் வானொலியில் போர் அறிவித்தார். இங்கிலாந்து மண்ணை மிதித்து ஒரு நாள்கூட முழுதாக ஆகியிருக்காது.

டார்கீ கடற்கரையில் ஒரு ஹோட்டலில் தங்க வைத்தார்கள். பயிற்சிக்கு வந்த பையன்கள் மணல் மூட்டை நிரப்பிக் கொடுத்தார்கள். பக்கிங்ஹாம் அரண்மனையில் ராஜாவையும் ராணியையும் பார்த்தார்கள். அப்புறம் ஸ்ட்ராத்மோர் கப்பலில் ஏற்றி ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் பம்பாயில் இறங்கி பம்பாய் ஜிம்கானாவோடு ஓர் ஆட்டம் ஆடினார்கள். மொத்தப் பயணத்துக்கும் ஆடியது அந்த ஒன்றுதான்.

என் கட்சி இதுதான்: அந்தக் காலத்துச் சுற்றுப்பயணம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள, எல்லாம் ஜெயித்த அணியைவிட ஒரு டெஸ்ட்கூட ஆடாத இந்த அணிதான் சரியான உதாரணம். யாருக்கு ஒப்புதல், யாருக்கு மறுப்பு?

ஸ்க்ரம் சுப்பு எழுதியது:

மறுப்பு. அழுத்தமான மறுப்பு.

மைதான ஓரம் ஐயா நன்றாகக் கதை சொல்கிறார், அதில் குறையில்லை. ஆனால் ரக்பியை ரக்பியால்தான் அளக்க வேண்டும். 1924 அணியில் ஜார்ஜ் நெப்பியா என்ற 19 வயது மாவோரி இளைஞன் பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸில் நடந்த 30 ஆட்டங்களிலும் ஃபுல்பேக்காக, அதாவது எல்லோருக்கும் பின்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளனாக இறங்கினான். ஒன்றுகூட விடவில்லை. அப்போது மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே கிடையாது. அடிபட்டால் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும், அல்லது அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். 1925 ஜனவரியில் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நியூசிலாந்தின் சிரில் பிரௌன்லியை நடுவர் ஃப்ரீதி வெளியே அனுப்பிவிட்டார். நாடும் நாடும் மோதும் டெஸ்ட் ஆட்டத்தில் அப்படி வெளியேற்றப்பட்ட முதல் ஆள். மீதி நேரம் முழுக்க 14 பேராக ஆடியும் 17-11 என்று ஜெயித்தார்கள். இதுதான் சுற்றுப்பயணம். மணல் மூட்டை நிரப்பியதைச் சுற்றுப்பயணம் என்றால், நான் போன வருடம் ஊட்டிக்குப் போனதும் சுற்றுப்பயணம்தான்.

பழைய பேப்பர் எழுதியது:

சுப்பு, அந்த 1924 அணி ஸ்காட்லாந்தோடு ஆடவே இல்லை என்பதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? பயணத்தை இங்கிலாந்து யூனியன், அதாவது அங்கே ரக்பியை நடத்தும் அமைப்பு, தன் பாட்டுக்கு ஏற்பாடு செய்தது என்று ஸ்காட்லாந்துக்காரர்களுக்குக் கோபம். 1905 பயணத்தின் வசூல் தகராறு வேறு உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. 1925-ல் மற்ற நான்கு நாடுகளையும் தோற்கடித்து கிராண்ட்ஸ்லாம் அடித்தது எந்த அணி? அதே ஸ்காட்லாந்து. மர்ரேஃபீல்டு மைதானம் திறந்த அன்று இங்கிலாந்தை 14-11 என்று வீழ்த்தியவர்கள். அந்த வருடத்தில் ஐரோப்பாவின் மிகச் சிறந்த அணியைச் சந்திக்காமலேயே 'வெல்ல முடியாதவர்கள்' என்று பட்டம் கட்டிக்கொண்டார்கள்.

ஸ்க்ரம் சுப்பு எழுதியது:

வராதவனைத் தோற்கடிக்க முடியாது. அது நியூசிலாந்தின் குற்றமா?

பழைய பேப்பர் எழுதியது:

குற்றம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கையை வைத்து மட்டும் பேசினால் எண்ணிக்கைக்குள் வராததையும் பேச வேண்டும் என்கிறேன். இதே நெப்பியாவை 1928-ல் தென்னாப்பிரிக்காவுக்குக் கூட்டிப் போகவில்லை. ஏன்? மாவோரி என்பதால். தென்னாப்பிரிக்காவுக்குப் பிடிக்காது என்று நியூசிலாந்து யூனியனே அவர்களை ஒதுக்கிவிட்டுக் கப்பலேறியது. அந்தத் தொடர் 2-2 என்று சமனில் முடிந்தது. நெப்பியா இருந்திருந்தால் என்ற கேள்விக்கு இன்றுவரை நியூசிலாந்துக்காரர்களிடம் பதில் இல்லை. ஆடியவர்கள் பட்டியல் மாதிரியே ஆட விடாதவர்கள் பட்டியலும் ஒரு பயணத்தின் கணக்கில் வரும்.

புதுசா வந்தவன் எழுதியது:

எனக்கு ரக்பி அவ்வளவாகத் தெரியாது, கிரிக்கெட் ஆள். ஓர் அடிப்படைக் கேள்வி. ஆறு வாரம் கப்பலில் போய், மாதக்கணக்கில் அங்கே ஆடி, மறுபடி ஆறு வாரம் கப்பல் என்றால் வேலை வெட்டிக்கு என்ன செய்வார்கள்? சம்பளம் நிறையவா?

மைதான ஓரம் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. சம்பளமே கிடையாது. ரக்பி யூனியன் கறாரான அமெச்சூர் ஆட்டம். 1924 பயணத்தில் கைச்செலவுக்கு நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங், அவ்வளவுதான். சோப்பு, துணி வெளுக்க, தபால்தலை. வேலையில் சம்பளமில்லா விடுப்பு கேட்க வேண்டும். தராவிட்டால் வேலையை விட வேண்டும். கல்யாணமான ஆட்டக்காரர் நிறைய பேர் பெயர் கொடுக்காமலேயே ஒதுங்கிக்கொள்வார்கள். பணம் வேண்டுமென்றால் காசுக்கு ஆடும் இன்னொரு வகை ரக்பியான ரக்பி லீக் பக்கம் போக வேண்டும். போனால் யூனியன் கதவு நிரந்தரமாக மூடிவிடும். நெப்பியாவே 1935-ல் குடும்பக் கஷ்டத்தில் லீக் ஆட இங்கிலாந்துக்குப் போனார்.

அதனால்தான் 1939 கதை என்னை உறுத்துகிறது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் இப்படி ஒரு வாய்ப்பு வரும். அதற்காக வேலையையும் வீட்டையும் விட்டுக் கப்பல் ஏறியவர்கள், கப்பலை விட்டு இறங்கியதும் முடிந்தது என்று கேட்கிறார்கள்.

கண்டி ரசிகன் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். இலங்கையில் இருந்து எழுதுறேன். எங்கட பக்கம் ரக்பி எண்டால் கிரிக்கெட்டுக்கு அடுத்த இடம், கண்டியில் சில வேளை அதுக்கும் மேல.

மைதான ஓரம் அண்ணா சொன்ன பம்பாய் ஆட்டத்தை ஒரு விசித்திரம் மாதிரி பார்க்க வேண்டாம். கப்பல் போற வழியில் இறங்கி ஆடுறது அந்தக் காலத்து வழக்கம். 1907-ல் இங்கிலாந்துக்குப் போன நியூசிலாந்துத் தொழில்முறை அணி கொழும்பில் இறங்கி ஆடியது. 1950-ல் பிரிட்டிஷ் லயன்ஸ், அதுதான் பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் கூட்டு அணி, ஊருக்குத் திரும்பும்போதும் கொழும்பில் ஓர் ஆட்டம். கப்பல் நிலக்கரியோ எண்ணெயோ சரக்கோ ஏற்றுகிற நேரத்தில் தோட்டத்துரைமார் ஓர் அணியைச் சேர்த்து வைத்திருப்பார்கள். விருந்தும் இருக்கும். வாரக்கணக்கில் தளத்தில் ஓடி மட்டும் பயிற்சி எடுத்தவர்களுக்குப் புல்லைக் கண்டதே பெரிய சந்தோசமாக இருந்திருக்கும்.

அந்தத் துறைமுகங்கள் இல்லாமல் இந்தப் பயணங்களே இல்லை. சிட்னி, பெர்த் பக்கம் ஃப்ரீமாண்டில், கொழும்பு, பம்பாய், ஏடன், சூயஸ், ஜிப்ரால்டர். பிரிட்டிஷ் தபால் கப்பல் போற பாதைதான் ரக்பி போன பாதையும். பிரான்சையும் இன்னும் ஒண்டிரண்டு நாடுகளையும் விட்டால் இந்த ஆட்டம் அந்தக் காலத்தில் ஏன் ஒரு சாம்ராச்சியத்துக்குள்ளேயே சுத்திக்கொண்டு இருந்தது எண்டதுக்கு இதுவே விடை.

பழைய பேப்பர் எழுதியது:

கண்டி ரசிகன் சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருடாவருடம் மோதும் கல்கத்தா கோப்பை நம்ம ஊர் வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்தது. கல்கத்தாவில் ரக்பி கிளப் ஆரம்பித்த வெள்ளைக்காரர்கள் ஆள் குறைந்து கிளப்பைக் கலைத்தார்கள். வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து உருக்கி 1878-ல் லண்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாகப்பாம்பு வடிவத்தில் கைப்பிடி, மூடி மேல் யானை.

பம்பாய் ஜிம்கானாவும் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான கிளப். 1933 டிசம்பரில் இந்தியாவில் நடந்த முதல் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம் அதே மைதானத்தில்தான். லாலா அமர்நாத் சதம் அடித்தார். மைதானத்தில் இந்தியர் ஆடலாம், பார்க்கக் காசு கொடுத்து வரலாம், உறுப்பினர் ஆக முடியாது.

மைதான ஓரம் எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த 1939 அணியில் இருந்த ஸ்க்ரம் ஹாஃப் (முட்டித் தள்ளும் கூட்டத்திலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்) யார் தெரியுமா? செசில் ரமாலி. அப்பா லாகூர்ப் பக்கத்து இந்தியர், பெயர் அலி ராம், ஆஸ்திரேலிய உள்நாட்டில் முங்கிண்டி என்ற சிற்றூரில் வியாபாரம் செய்தவர். அம்மா ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண். 1938-ல் நியூசிலாந்துக்கு எதிராக இரண்டு டெஸ்ட் ஆடியபோது வயது 19. வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கை சட்டமாக இருந்த நாட்டுக்கு, அதன் தேசிய அணி உடுப்பில் ஒரு லாகூர்க்காரரின் மகன்.

அவன் இடம்பெற்ற அணியை பம்பாய் ஜிம்கானா வரவேற்கிறது. அவன் அப்பா அதே வாசலுக்கு வந்திருந்தால் உறுப்பினர் படிவம்கூடக் கிடைத்திருக்காது.

ஆஸ்திரேலிய டெஸ்ட் அணியில் ஆடிய முதல் பழங்குடி மரபினர் ரமாலிதான். ஆனால் நெடுங்காலம் அந்தப் பெயர் பொதுப்பேச்சில் வரவே இல்லை. 1962-ல் ஆடிய லாயிட் மெக்டெர்மாட்டைத்தான் பலருக்குத் தெரியும். அவர் 1963-ல் தென்னாப்பிரிக்கா போக மறுத்தவர். அங்கே போவதென்றால் 'கௌரவ வெள்ளையர்' என்ற அடையாளத்தோடு போக வேண்டியிருக்கும் என்பதால்.

ஸ்க்ரம் சுப்பு எழுதியது:

ரமாலி பற்றிய தகவல் அருமை, இதை நான் எங்கும் பேசக் கேட்டதில்லை. ஆனால் என் வாதம் அப்படியேதான் நிற்கிறது. நல்ல ஆட்கள் இருந்தார்கள் என்பதால் நல்ல சுற்றுப்பயணம் ஆகிவிடாது. 1931-32-ல் பிரிட்டன் போன தென்னாப்பிரிக்க அணியைப் பாருங்கள். கேப்டன் பென்னி ஆஸ்லர். பந்து கைக்கு வந்தால் உதை, மறுபடி வந்தால் மறுபடி உதை. பிரிட்டிஷ் பத்திரிகைகள் சலித்துக்கொண்டன. ஆனால் 26 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் தோல்வி. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கையும் தோற்கடித்தார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, அடுத்த தலைமுறை ஆட்டத்தையே அது மாற்றியது. அதே தென்னாப்பிரிக்கா 1937-ல் நியூசிலாந்துக்குப் போய் முதல் டெஸ்டைத் தோற்று, மீதி இரண்டையும் ஜெயித்துத் தொடரைத் தூக்கியது. கடைசி டெஸ்டில் ஐந்து ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது), நியூசிலாந்துக்கு ஒன்றுகூட இல்லை. பழைய கேப்டன் பால் ரூஸ் அனுப்பிய தந்தியில் இருந்தது ஒரே வார்த்தை: ஸ்க்ரம், ஸ்க்ரம், ஸ்க்ரம். பந்து ஓரக் கோட்டைத் தாண்டினால் வரிசையாக நின்று எறிந்து பிடிக்கும் லைன்அவுட்டுக்குப் பதிலாக, இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம் கேட்கலாம் என்ற அன்றைய விதியை வைத்தே நியூசிலாந்தின் முதுகெலும்பை முறித்தார்கள். ஒரு பயணம் ஆட்டத்துக்கு என்ன கொடுத்தது என்பதற்கு இது பதில். 1939 என்ன கொடுத்தது?

தோட்டத்துப் பையன் எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன், ரக்பி பார்ப்பேன், வரலாறு கொஞ்சம் படிப்பேன். சுப்பு அண்ணன் கேட்ட கேள்விக்கு வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

ரமாலி போரில் ஆஸ்திரேலியப் படையின் எட்டாம் டிவிஷன் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தார். 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டார். அங்கிருந்து சயாம் மரண ரயில் வேலைக்கு, அதாவது ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதைக்கு. 415 கிலோமீட்டர், பான்போங்கிலிருந்து பர்மாவில் தன்பியூசாயாட் வரை. காடு, மழை, காலரா. அதில் தப்பியவரை ஜப்பானுக்குக் கப்பலேற்றி நாகசாகி அருகே நிலக்கரிச் சுரங்கத்தில் இறக்கினார்கள். அணுகுண்டு விழுந்தபோதும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தார். விடுதலையானபோது எடை நாற்பது கிலோகூட இல்லை. அவ்வளவுக்குப் பிறகும் 1998 வரை உயிரோடிருந்தார், ஆனால் பழைய ஆட்டக்காரராக மைதானத்துக்குத் திரும்ப அந்த உடம்பு விடவில்லை.

எங்கள் நாட்டில் சயாம் ரயில் என்றால் முதலில் நினைவுக்கு வருவது எங்கள் ஆட்கள்தான். போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர், இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. அதில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றிப் போன தமிழர்கள் ஏராளம். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,982 கைதிகளுக்கு வரிசையாகக் கல் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது. என் அப்பாவின் மாமா ஒருவர் தோட்டத்திலிருந்து போனவர், வரவே இல்லை.

ரமாலியும் எங்கள் தோட்டத்து மனிதர்களும் ஒரே தண்டவாளத்துக்குத்தான் மண் சுமந்திருக்கிறார்கள். நான் அந்த அணியை நினைவில் வைத்திருப்பது இதனால்தான். ஆட்ட நுட்பத்துக்காக இல்லை.

பழைய பேப்பர் எழுதியது:

தோட்டத்துப் பையன், நன்றி. அதே வரிசையில் இன்னொருவர் வின்ஸ்டன் ஐடே. செல்லப்பெயர் 'ப்ளோ'. அப்பா ஜப்பானியர், சிட்னியில் குடியேறியவர். 1938-ல் ரமாலி ஆடிய அதே நியூசிலாந்துத் தொடரில் ஐடேயும் ஆடினார், 1939 கப்பலிலும் இருந்தார். போரில் ஆஸ்திரேலியப் பீரங்கிப் படை. சிங்கப்பூரில் அப்பாவின் நாட்டுப் படையிடமே கைதியாகிறார். ரயில் வேலைக்குப் பிறகு 1944 செப்டம்பரில் கைதிகளை ஜப்பானுக்கு ஏற்றிப்போன ரக்குயோ மாரு கப்பலில் இருந்தார். உள்ளே கைதிகள் இருப்பது தெரியாமல் அமெரிக்க நீர்மூழ்கி அதைத் தாக்கியது. ஐடே திரும்பவில்லை.

இன்னொருவர் ஸ்டான் பிஸெட். டெஸ்ட் ஆடும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை, 1939 பயணம்தான் எல்லாம். நியூகினியில் கோகோடாப் பாதைப் போரில் இருந்தார். அண்ணன் புட்ச் அதே படைப்பிரிவில், அதே பாதையில், 1942 ஆகஸ்டில் குண்டடிபட்டு இறந்தார். தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்டான் 2010-ல் 98 வயதில் காலமானார்.

கோபக்கார ரெஃப்ரி எழுதியது:

இது விளையாட்டுப் பிரிவா, போர் வரலாற்றுப் பிரிவா? இரண்டு பதிவாக பந்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நெறியாளர் இருக்கிறாரா, லீவில் போய்விட்டாரா?

நெறியாளர் எழுதியது:

இருக்கிறேன். இழை தலைப்பிலேயே 1939 என்று இருக்கிறது, அந்த வருடம் இரண்டையும் பிரிக்க முடியாது. தொடரலாம். ஊட்டிக் கிண்டல் போதும், சுப்பு.

கோபக்கார ரெஃப்ரி எழுதியது:

சரி, தொடரட்டும். அப்படியானால் நானும் ஒரு கல் எறிகிறேன். 1939 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில் மாட்டிக்கொண்டது வாலபீஸ் மட்டுமில்லை. நியூசிலாந்தின் ரக்பி லீக் அணியும் அதே நேரம் அங்கே இருந்தது. அவர்கள் செயின்ட் ஹெலன்ஸோடு ஓர் ஆட்டம், டியூஸ்பரியோடு ஓர் ஆட்டம் என்று இரண்டு ஆடிவிட்டுத்தான் கப்பலேறினார்கள். போர் அறிவித்த பிறகும் ஓர் ஆட்டம் ஆட முடிந்திருக்கிறது. அப்படியிருக்க யூனியன்காரர்கள் ஏன் ஒன்றுகூட ஆடவில்லை? யோசித்தால் லீக்காரர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள்.

மைதான ஓரம் எழுதியது:

இதற்குப் பின்னால் ஒரு பெரிய பழைய கதை இருக்கிறது ரெஃப்ரி. முதல் உலகப் போரில், 1915-லிருந்து, சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் ரக்பி யூனியன் போட்டிகளையே நிறுத்தியது. ஆட்டக்காரர்கள் போருக்குப் போக வேண்டும் என்பது கொள்கை. ரக்பி லீக் நிறுத்தவில்லை. போர் முடிந்து பார்த்தால் கூட்டம் முழுக்க லீக் பக்கம். குயின்ஸ்லாந்தில் யூனியன் ஆட்டமே 1920-களின் கடைசி வரை செத்துக் கிடந்தது. அதனால் 1920-களில் ஆஸ்திரேலியா என்று சொல்லிக்கொள்ள முழு அணியே இல்லை. நியூ சவுத் வேல்ஸ் மட்டும்தான் ஆடியது.

அந்த நியூ சவுத் வேல்ஸ் அணிதான் 1927-28-ல் 'வாரட்டாஸ்' என்ற பெயரில் ஜானி வாலஸ் தலைமையில் பிரிட்டன் போனது. வாலஸ் அதற்கு முன் ஸ்காட்லாந்துக்கே ஆடியவர், பழைய பேப்பர் சொன்ன 1925 கிராண்ட்ஸ்லாம் அணியில் இருந்தவர். அயர்லாந்து, வேல்ஸ், பிரான்ஸை ஜெயித்தார்கள். ஸ்காட்லாந்திடமும் இங்கிலாந்திடமும் தோற்றார்கள். அது தேசிய அணியின் பயணமா இல்லையா என்று அறுபது வருடம் வாதாடி, கடைசியில் 1986-ல் ஆஸ்திரேலிய யூனியன் அவற்றை டெஸ்ட் என்று ஏற்றுக்கொண்டது. அதாவது ஆடிய காலத்தில் மாநில ஆட்டம், ஆடியவர்கள் கிழவர்களானதும் டெஸ்ட் ஆட்டம்.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1927-ல் ஆட்டம் இருந்தது, தேசிய அணி என்ற அங்கீகாரம் இல்லை. 1939-ல் அங்கீகாரம் முழுசாக இருந்தது, ஆட்டம் இல்லை. சுப்பு முதல் வகையைச் சுற்றுப்பயணம் என்கிறார். அன்றைய பதிவேட்டின்படி அது ஆஸ்திரேலிய அணியே இல்லை, சுப்பு. எண்ணிக்கை என்பது யாரோ பிறகு உட்கார்ந்து முடிவு செய்வதுதான்.

புதுசா வந்தவன் எழுதியது:

அப்போ அந்த 1939 ஆட்டக்காரர்களுக்கு 'டெஸ்ட் ஆடினார்' என்ற பெயர் கிடைக்காதா? கிரிக்கெட்டில்கூட டூர் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அணியே பெஞ்சில் உட்கார்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பழைய பேப்பர் எழுதியது:

வாலபி என்று சொல்லிக்கொள்ளலாம், அதை ஆஸ்திரேலியாவில் யாரும் மறுக்க மாட்டார்கள். டெஸ்ட் கணக்கில் சேராது. பிஸெட் போன்றவர்களுக்கு அதுதான் நிலை. அதற்குள் ஏழு வருடம் போய்விட்டது. அடுத்த டெஸ்ட் 1946-ல்தான் நடந்தது. 1939-ல் 25 வயதில் உச்சத்தில் இருந்தவனுக்கு அப்போது 32.

ஸ்க்ரம் சுப்பு எழுதியது:

வாரட்டாஸ் விஷயத்தில் மைதான ஓரம் சாமர்த்தியமாக மடக்கப் பார்க்கிறார். ஆனால் 1986-ல் ஏற்றுக்கொண்டதற்குக் காரணமே அவர்கள் களத்தில் இறங்கி வேல்ஸை 18-8 என்று ஜெயித்ததுதான். ஆடியது இருந்ததால்தான் பிறகு பட்டம் கொடுக்க முடிந்தது. 1939-க்கு யார் எதைக் கொடுப்பது?

போரைப் பற்றிப் பேசினால் நானும் பேசுவேன். 1936 ஜனவரியில் ட்விக்கன்ஹாமில் நியூசிலாந்துக்கு எதிராக இரண்டு ட்ரை அடித்த ஒபொலென்ஸ்கி, ரஷ்ய இளவரசர், 1940 மார்ச்சில் ஹரிகேன் விமானப் பயிற்சியில் விழுந்து இறந்தார். அவரை இன்றும் நினைவில் வைத்திருப்பது எதனால்? அந்த ட்ரைகளால். குறுக்கே ஓடி அடித்த அந்த இரண்டாவது ட்ரை படச்சுருளில் இருக்கிறது. ஆட்டம்தான் மனிதனை ஞாபகத்தில் நிறுத்துகிறது. ரமாலியைப் பற்றி இந்த இழைக்கு முன் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? ஆட விடவில்லை, அதனால் தெரியவில்லை. என் கட்சிக்குத்தான் இது வலு.

தோட்டத்துப் பையன் எழுதியது:

சுப்பு அண்ணன் சொல்வதில் ஒரு பாதி எனக்கு ஒப்புதல். மறுபாதிக்கு ஓர் ஆள் காட்டுகிறேன். எட்வர்ட் டன்லப், 'வியரி' டன்லப் என்றால்தான் தெரியும். ஆஸ்திரேலியாவுக்கு 1932-ல் ஒரு டெஸ்ட், 1934-ல் ஒரு டெஸ்ட். அவ்வளவுதான் அவர் ரக்பி. 1939-ல் அவர் லண்டனில் அறுவை சிகிச்சை படித்துக்கொண்டிருந்தார். பிறகு ஜாவாவில் பிடிபட்டு சயாம் ரயிலுக்கு வந்து, கொன்யூ, ஹின்டாக் முகாம்களில் மூங்கிலையும் கிடைத்த கருவியையும் வைத்து அறுவை செய்து ஆட்களைக் காப்பாற்றியவர். ஆஸ்திரேலியாவில் அவருக்குச் சிலைகளே இருக்கின்றன. அவரை யாராவது இரண்டு டெஸ்டுக்காகவா நினைக்கிறார்கள்?

கண்டி ரசிகன் எழுதியது:

ரெண்டு பேர் சொல்றதும் ஒரே இடத்துக்குத்தான் வருது போல எனக்குப் படுது, ஆனால் அதைச் சொன்னால் சுப்பு அண்ணா என்னோடையும் சண்டைக்கு வருவார். நான் வேற ஒண்டு கேக்கிறன். இங்கிலாந்திலேயே படையில் சேர்ந்திருக்கலாமே, ஏன் ஊருக்கு அனுப்பினவை?

மைதான ஓரம் எழுதியது:

சேர ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் செப்டம்பர் 1939-ல் இங்கிலாந்திலேயே வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுக்கத் துப்பாக்கி போதவில்லை. ஆஸ்திரேலியாவும் அப்போதுதான் வெளிநாட்டுக்கு அனுப்பத் தனிப் படை திரட்ட ஆரம்பித்திருந்தது. ஊரில் போய்ச் சேருங்கள் என்பதுதான் நடைமுறை. அதனால்தான் ஒரே அணி ஒரே கப்பலில் திரும்பி, அப்புறம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு படைப்பிரிவு, ஒவ்வொரு போர்முனை என்று சிதறினார்கள்.

திரும்பும் பயணமும் லேசாக இருந்திருக்காது. போர் அறிவித்த அன்றைக்கே அத்தீனியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்திருந்தது.

கோபக்கார ரெஃப்ரி எழுதியது:

1939 அணியில் யாராவது மறுபடி பிரிட்டன் போய் ஆடினார்களா? அதையாவது சொல்லி ரக்பிக்குத் திரும்புங்கள்.

பழைய பேப்பர் எழுதியது:

பில் மெக்லீன். 1939-ல் போன இளைஞன். போரிலிருந்து திரும்பி 1946-ல் ஆஸ்திரேலிய கேப்டன் ஆனார். 1947-48-ல் வாலபீஸ் மறுபடி பிரிட்டன் கிளம்பியபோது அவர்தான் தலைமை. எட்டு வருடம் கழித்து அதே பயணம். தொடக்க ஆட்டங்களிலேயே கால் எலும்பு முறிந்தது. கேப்டன் பொறுப்பு இளைஞர் ட்ரெவர் ஆலனிடம் போனது. அந்த அணி இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றிடமும் தன் கோட்டைத் தாண்டி ஒரு ட்ரைகூட விடாமல் ஜெயித்தது. மெக்லீன் அந்த டெஸ்ட் எல்லாவற்றையும் ஓரத்தில் இருந்துதான் பார்த்தார்.

ஸ்க்ரம் சுப்பு எழுதியது:

அடப்பாவமே. இரண்டு தடவை கப்பலேறியும் அங்கே ஒரு டெஸ்ட் இல்லையா?

சரி, மெக்லீனுக்காக ஒரு புள்ளி தருகிறேன், மைதான ஓரம் ஐயா. வாதத்துக்கு இல்லை, ஆளுக்கு. 1947-48 அணியைப் பற்றித் தனி இழை போடுங்கள், அங்கே வந்து முறையாகச் சண்டை போடுகிறேன். அங்கேயாவது ஸ்கோர் இருக்கும்.